சாவி வாங்கும் முன் கட்டடத்தை ஓடவிட்டுப் பாருங்கள்

கமிஷனிங்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பெர்லினின் புதிய விமான நிலையம் 2012 ஜூன் 3-ம் தேதி திறக்கப்படுவதாக இருந்தது. திறப்புக்கு நான்கு வாரம்கூட இல்லாத நிலையில், மே 8-ம் தேதி விழாவை ரத்து செய்தார்கள். தீப்பிடித்தால் புகையை வெளியேற்ற வேண்டிய அமைப்பு தானாக இயங்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை. புகையை உணரும் கருவிகள், விசிறிகள், காற்றுப் பாதையைத் திறந்து மூடும் டேம்பர்கள், கதவுகள், இவற்றை இணைக்கும் கேபிள்கள் எல்லாம் ஒரே அமைப்பாக இயங்க வேண்டியவை. ஆனால் அவை ஒன்று சேர்ந்து வேலை செய்யவில்லை. தோண்டத் தோண்ட மேலும் மேலும் குறைகள் வந்தன. முதல் பயணிகள் உள்ளே வந்தது 2020 அக்டோபர் 31-ல். எட்டு வருடத்துக்கு மேல் தாமதம்.

கட்டி முடிப்பது ஒரு வேலை; கட்டியது சொன்னபடி இயங்குகிறதா என்று நிரூபிப்பது இன்னொரு வேலை. இந்த இரண்டாவது வேலைக்குப் பெயர்தான் கமிஷனிங். நம் ஊர் சைட்டுகளில் பெரும்பாலும் இது கடைசி வாரத்து அவசரமாகிவிடுகிறது. பெயின்ட் அடிப்பதும் செடி வைப்பதும் ஒரு பக்கம் நடக்க, இன்னொரு பக்கம் சுவிட்சைப் போட்டுப் பார்த்துக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள்.

ஐந்து மாடி அபார்ட்மென்ட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஈ.பி. இணைப்பு, ஜெனரேட்டர், லிஃப்ட், சம்ப் மோட்டார், மாடித் தொட்டி, தீயணைப்பு பம்ப், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், மழைநீர் சேகரிப்பு, எர்த்திங், இடிதாங்கி எனக் குறைந்தது பத்து அமைப்புகள் இருக்கும். ஒவ்வொன்றையும் ஒரு கான்ட்ராக்டர் செய்கிறார். அவரவர் வேலையை அவரவர் சரியாகவே முடித்திருக்கலாம். ஒருவர் வேலை முடிந்து அடுத்தவர் வேலை தொடங்கும் இடத்தில்தான் குறை ஒளிந்திருக்கும். அந்த இடத்துக்கு யாரும் பொறுப்பேற்றிருக்க மாட்டார்கள்.

செலவைக் கண்டு தயங்குபவர்களுக்கு ஒரு கணக்கு. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் 643 கட்டடங்களின் விவரங்களைத் திரட்டி 2009-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. புதிய கட்டடங்களில் கமிஷனிங்குக்கு ஆன செலவு, கட்டுமானச் செலவில் சுமார் 0.4 சதவீதம். அந்தக் கட்டடங்களில் மின்சாரமும் எரிபொருளும் இடைநிலை அளவாக 13 சதவீதம் மிச்சமாயின. ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்த கட்டடங்களை இப்படிச் சோதித்துச் சரிசெய்தபோது கிடைத்த மிச்சம் 16 சதவீதம். உயிர்ப் பாதுகாப்பு இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

வீடு வாங்குபவர்கள், குடியிருப்போர் சங்கங்கள், சிறிய மருத்துவமனையோ பள்ளியோ கட்டுபவர்கள், இளம் சைட் இன்ஜினீயர்கள் ஆகியோரை மனதில் வைத்து இந்தப் பட்டியலைத் தருகிறேன்.

செய்ய வேண்டியவை

1. தேவைகளை எண்களாக எழுதி வையுங்கள்

வரைபடம் போடும் முன்பே இதைச் செய்ய வேண்டும். "நல்ல ஜெனரேட்டர் வேண்டும்" என்று எழுதினால் அதைச் சோதிக்க வழியில்லை. "கரன்ட் போனால் 15 விநாடிக்குள் ஜெனரேட்டர் லோடை எடுக்க வேண்டும்; லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்கு, அடித்தள வடிகால் பம்ப் ஆகியவை அதில் ஓட வேண்டும்" என்று எழுதினால் சோதிக்கலாம். மேல்மாடிக் குழாயில் தண்ணீரின் அழுத்தம், ஆபரேஷன் தியேட்டரில் மணிக்கு எத்தனை முறை காற்று மாற வேண்டும், வகுப்பறையில் எவ்வளவு வெளிச்சம் என்று எல்லாவற்றுக்கும் எண் வேண்டும்.

எழுதிய எண்ணைத் துறை தெரிந்த ஒருவர் திரும்பப் படிக்கவும் வேண்டும். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் கட்டப்பட்ட குழந்தைகள் மருத்துவமனை 2019 ஜூலையில் திறக்கப்பட இருந்தது. சில நாட்களுக்கு முன் நடந்த இறுதிச் சோதனையில், தீவிர சிகிச்சைப் பிரிவில் மணிக்கு 10 முறை மாற வேண்டிய காற்று 4 முறைதான் மாறுகிறது என்று தெரிந்தது. திறப்பு நிறுத்தப்பட்டது. பல ஆண்டுகளுக்கு முன் தயாரான ஓர் அட்டவணையில் சாதாரண வார்டுக்குரிய எண் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் ஏறிவிட்டதே காரணம் என்று பிறகு கண்டறிந்தார்கள். மருத்துவமனை முழுமையாக இடம்பெயர்ந்தது 2021 மார்ச்சில். கடைசிச் சோதனை குழந்தைகளைக் காப்பாற்றியது. ஆனால் அதே சோதனையைக் காகிதத்திலேயே நடத்தியிருந்தால் கிட்டத்தட்ட இரண்டு வருடம் வீணாகியிருக்காது.

2. பொறுப்பாளர் ஒருவரைத் தொடக்கத்திலேயே நியமியுங்கள்

பெரிய கட்டடம் என்றால் கமிஷனிங் ஏஜென்டாகத் தனி நிறுவனத்தை வைக்கலாம். லீட் பசுமைச் சான்றிதழுக்கு அடிப்படை கமிஷனிங் கட்டாயம். சிறிய அபார்ட்மென்ட் என்றால் ஓய்வுபெற்ற மின்வாரியப் பொறியாளரோ, தொழிற்சாலைப் பராமரிப்பில் பழுத்த ஒருவரோ போதும். அவர் உரிமையாளருக்குப் பதில் சொல்பவராக இருக்க வேண்டும். வேலையைச் செய்தவரே அதற்கு மதிப்பெண் போடக் கூடாது.

3. மூடப்போவதை மூடும் முன் சோதியுங்கள்

சுவருக்குள் போகும் குழாய்களைப் பூச்சு வேலைக்கு முன்பே, இயங்கும் அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் நிறுத்திப் பாருங்கள். கேஜ் முள் இறங்கினால் எங்கோ கசிகிறது. பாத்ரூமில் வாட்டர்ப்ரூஃபிங் முடிந்ததும், டைல்ஸ் ஒட்டும் முன் தண்ணீரைத் தேக்கி 24 முதல் 48 மணி நேரம் விடுங்கள். பிறகு கீழ் வீட்டுக்குப் போய் சீலிங்கைப் பாருங்கள். கேபிளை இணைக்கும் முன் மெக்கர் வைத்துக் காப்புத்திறனை அளந்து எழுதுங்கள். மூடப்படும் ஒவ்வொரு சுவருக்கும் அளவு நாடா தெரியும்படி ஒரு புகைப்படம் எடுங்கள். பின்னாளில் ஆணி அடிக்கப்போகும் ஒவ்வொருவருக்கும் அது உதவும்.

4. குழாய்களையும் தொட்டிகளையும் கழுவுங்கள்

கட்டுமானத்தின்போது குழாய்க்குள் சிமென்ட், மணல், பிளாஸ்டிக் துணுக்கு, வெல்டிங் துகள் எல்லாம் போய்ச் சேரும். கழுவாமல் மோட்டாரைப் போட்டால் அவை வால்வுகளிலும் மீட்டர்களிலும் பம்பின் உள்ளேயும் போய் அடைக்கும். கடைசிக் குழாயில் தண்ணீர் தெளிவாக வரும்வரை ஓடவிடுங்கள். பிறகு வடிகட்டிகளைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். குடிநீர்த் தொட்டிகளைத் தேய்த்துக் கழுவி, குளோரின் கலந்து வைத்திருந்து வடித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

5. உண்மையான பாரத்தில் ஓட்டிப் பாருங்கள்

நம் நாட்டில் லிஃப்டில் ஒருவருக்கு 68 கிலோ என்று கணக்கு. 8 பேர் லிஃப்ட் என்றால் 544 கிலோ. அந்த எடையை ஏற்றி மேலும் கீழும் ஓட்டுங்கள். லிஃப்ட் தரையோடு சமமாக நிற்கிறதா, எடை கூடினால் அலாரம் அடித்து நகர மறுக்கிறதா என்று கவனியுங்கள். வெறும் லிஃப்டில் இரண்டு பேர் போய்வருவது சோதனை ஆகாது.

ஜெனரேட்டரும் அப்படித்தான். லோடே இல்லாமல் ஓடும் டீசல் இன்ஜினில் எரியாத டீசல் புகைபோக்கியில் பிசினாகப் படியும். செயற்கை லோடை வாடகைக்கு எடுத்து இணைத்து, பல மணி நேரம் ஓட்டி, அரை மணிக்கு ஒருமுறை வோல்டேஜ், அதிர்வெண், வெப்பநிலை, எண்ணெய் அழுத்தம் ஆகியவற்றைக் குறியுங்கள்.

6. மெயினை இறக்கிப் பாருங்கள்

ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஈ.பி. மெயின் பிரேக்கரை இறக்கிவிட வேண்டும். லிஃப்டில் வாக்கிடாக்கியோடு ஒருவர், பம்ப் அறையில் ஒருவர், அடித்தளத்தில் ஒருவர், மொட்டை மாடியில் ஒருவர், பேனல் முன் கடிகாரத்தோடு ஒருவர் நிற்க வேண்டும்.

நான் உடனிருந்த ஒரு சோதனையைச் சொல்கிறேன். பிரேக்கரை இறக்கியதும் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றது. அதன் பேட்டரி மீட்புக் கருவி அதை மெதுவாகப் பக்கத்து மாடிக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறந்தது. ஜெனரேட்டர் உறுமி எழுந்தது. படிக்கட்டு விளக்குகள் எரிந்தன. சம்ப் மோட்டார் ஓடியது. எல்லோரும் கைகுலுக்கப் போன நேரத்தில் அடித்தளத்திலிருந்து குரல் வந்தது: "சார், இங்க ரெண்டு பம்ப்லயும் பேனல் லைட்டே எரியல." மழைநீரை வெளியே தள்ள வேண்டிய பம்புகள் அவை. அவற்றின் கேபிள், பேனலில் ஜெனரேட்டர் பக்கம் போகாமல் ஈ.பி. பக்கத்தில் மட்டும் இணைக்கப்பட்டிருந்தது. பம்ப் வைத்தவரின் வேலையில் பிழையில்லை. அவர் சோதித்தபோது ஈ.பி. இருந்தது. ஜெனரேட்டர்காரரின் வேலையிலும் பிழையில்லை. அவரிடம் கொடுத்த லோடு எல்லாம் ஓடியது.

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் பாதுகாப்புக்காக மின்சாரத்தைப் பல பகுதிகளில் நிறுத்தினார்கள். அடித்தளத்தில் தண்ணீர் ஏறும் அதே நேரத்தில்தான் ஈ.பி. இருக்காது. அந்தக் கட்டடத்தில் கேபிளை மாற்ற அரை நாள் ஆனது. மழையில் தெரியவந்திருந்தால் அடித்தளத்தில் நிற்கும் அத்தனை வண்டிகளும் போயிருக்கும்.

7. தீ அமைப்பை முழுக்க ஓட்டிப் பாருங்கள்

பம்புக்கு எட்டத்தில், உயரத்தில் இருக்கும் கடைசி ஹைட்ரன்ட்டைத் திறந்து அழுத்தத்தை அளவிடுங்கள். பம்ப் அறை கேஜில் அழுத்தம் நன்றாக இருந்தாலும் கடைசி மாடியில் தண்ணீர் ஒழுகலாம். புகை உணரியில் சோதனைப் புகையைக் காட்டி, அலாரம் அடிக்கிறதா, லிஃப்ட் தரைத்தளத்துக்கு வந்து கதவைத் திறந்து நிற்கிறதா, ஏசி நிற்கிறதா, படிக்கட்டுக்குக் காற்றழுத்தம் தரும் விசிறி ஓடுகிறதா என்று வரிசையாகப் பாருங்கள்.

அந்த விசிறி ஓடும்போது படிக்கட்டுக் கதவைத் திறந்தும் பாருங்கள். புகை நுழையாதிருக்கப் படிக்கட்டில் 50 பாஸ்கல் அளவுக்குக் கூடுதல் அழுத்தம் வைப்பார்கள். 2 சதுர மீட்டர் கதவில் அது 100 நியூட்டன், அதாவது சுமார் 10 கிலோ எடை சாய்வதற்குச் சமம். கைப்பிடிப் பக்கம் தள்ளுபவருக்கு அதில் பாதி போதும். ஆனால் கதவை மூடும் ஸ்பிரிங்கின் விசையும் கூடச் சேரும். அழுத்தம் அளவுக்கு மீறினால் ஒரு பாட்டியாலோ பத்து வயதுக் குழந்தையாலோ அந்தக் கதவைத் திறக்க முடியாது. காப்பாற்ற வைத்த விசிறியே வழியை அடைத்துவிடும். கட்டடத்தில் மெலிந்த ஒருவரைத் தள்ளச் சொல்லிப் பார்ப்பதே நல்ல சோதனை.

8. பருவம் வரும்போது மறுபடி சோதியுங்கள்

ஜனவரியில் ஏசி நன்றாகக் குளிர்வதை வைத்து மே மாதத்தைக் கணிக்க முடியாது. அக்னி நட்சத்திரத்தில் ஒருமுறை, ஈரப்பதம் மிகுந்த ஐப்பசி கார்த்திகையில் ஒருமுறை அளக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். அது வேலை செய்கிறதா என்றறிய மழைக்குக் காத்திருக்க வேண்டாம். டேங்கர் தண்ணீரை மொட்டை மாடியில் விட்டு, அது சேகரிப்புக் குழிக்குள் போய் இறங்குகிறதா, வழியிலேயே தெருவுக்கு ஓடுகிறதா என்று பாருங்கள்.

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் இது பொருந்தும். அதில் வேலை செய்பவை நுண்ணுயிர்கள். அவை பெருகச் சில வாரங்களாவது ஆகும், போதிய கழிவுநீரும் வேண்டும். நூறு வீட்டில் பத்து வீட்டார் மட்டும் குடியேறியிருக்கும்போது தந்த ஆய்வக அறிக்கை, எல்லோரும் வந்த பிறகு செல்லாது. குடியேற்றம் பாதியாகும்போதும் முழுதாகும்போதும் மறுபடி சோதியுங்கள்.

9. நடத்தப்போகிறவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள்

எலக்ட்ரீஷியனும் பிளம்பரும் வாட்ச்மேனும் சோதனை நடக்கும்போதே உடன் நிற்கட்டும். எந்த வால்வை மூடினால் எந்த மாடிக்குத் தண்ணீர் நிற்கும், லிஃப்டில் யாராவது சிக்கினால் என்ன செய்ய வேண்டும், செய்யவே கூடாதது எது என்பதைத் தமிழில் எழுதி, பேனல் பக்கத்திலேயே ஒட்டுங்கள். விளக்குவதைக் கைபேசியில் வீடியோ எடுத்து வையுங்கள். இன்று பயிற்சி பெற்றவர் அடுத்த வருடம் வேறு வேலைக்குப் போயிருப்பார்.

10. உத்தரவாதம் முடியும் முன் திரும்பி வாருங்கள்

பெரும்பாலான கருவிகளுக்கு ஒரு வருட உத்தரவாதம்தான். பத்தாவது மாதத்தில் எல்லாவற்றையும் இன்னொரு முறை ஓட்டிப் பார்த்து, குறைகளை எழுதிக் கொடுத்துவிடுங்கள். இரண்டு மாதம் கழித்து அதே குறை உங்கள் செலவாகிவிடக்கூடும்.

செய்யக்கூடாதவை

1. கமிஷனிங் நாட்களைத் தாமதத்துக்குப் பலி கொடுக்காதீர்கள்

சென்ட்ரிங் தாமதம், பூச்சு தாமதம், டைல்ஸ் தாமதம் எல்லாமாகச் சேர்ந்து கடைசியில் வரும் சோதனை நாட்களைத் தின்றுவிடும். தை முகூர்த்தத்தில் கிரகப்பிரவேசம் என்று பத்திரிகை அடித்த பிறகு யாருக்கும் சோதனை செய்ய மனம் வராது. சோதனை முடிந்த பிறகு தேதி குறியுங்கள். முன்பே குறித்தாக வேண்டும் என்றால் சோதனைக்குரிய வாரங்களை அட்டவணையில் தனியாகப் பூட்டி வையுங்கள்.

2. மோட்டார் சுற்றியதைக் கமிஷனிங் என்று ஏற்காதீர்கள்

கருவி கிளம்புகிறது என்பது முதல் படி. அது தேவையான அளவு தருகிறதா, தானாகக் கிளம்பித் தானாக நிற்கிறதா, பழுதானால் எச்சரிக்கிறதா, மற்ற அமைப்புகளோடு ஒத்துப்போகிறதா என்ற நான்கு கேள்விகளுக்கும் பதில் கிடைத்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

3. அரசுச் சான்றிதழோடு நின்றுவிடாதீர்கள்

கட்டட நிறைவுச் சான்று, லிஃப்ட் உரிமம், தீயணைப்புத் துறை உரிமம் எல்லாம் அவசியம். அவை சட்டம் கேட்கும் குறைந்தபட்சத்தை உறுதி செய்பவை. உங்கள் மேல்மாடிக் குழாயில் காலை ஏழு மணிக்குத் தண்ணீர் வேகமாக வருமா என்று எந்த அதிகாரியும் பார்க்க மாட்டார்.

4. அளவு எழுத வேண்டிய இடத்தில் டிக் போடாதீர்கள்

"எர்த்திங் – சரி" என்ற வரியால் பயனில்லை. எத்தனை ஓம், எந்தத் தேதி, எந்தக் கருவி, அந்தக் கருவி கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது, யார் அளந்தார் என்பதை எழுத வேண்டும். மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்க வீட்டுக்குள் வைக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி 300 மில்லிவிநாடிக்குள் துண்டிக்க வேண்டும். அதிலுள்ள சோதனைப் பட்டனை அமுக்குவதோடு நில்லாமல், சோதனைக் கருவியால் அளந்து எத்தனை மில்லிவிநாடி என்று எழுதுங்கள். ஷாக் அடிக்கும் நேரத்தில் உயிரைக் காப்பது அந்த எண்தான்.

5. தற்காலிக ஏற்பாடுகளை விட்டுவைக்காதீர்கள்

தூசு போகாமலிருக்கப் புகை உணரிகளுக்குப் பிளாஸ்டிக் மூடி போட்டிருப்பார்கள். அதைக் கழற்ற மறந்தால் அலாரம் அடிக்கவே அடிக்காது. சோதனைக்காகப் பேனலில் போட்ட குறுக்கு ஒயர், தீக்கதவுக்குக் கீழே முட்டுக் கொடுத்த செங்கல், கட்டுமானத்துக்காக இழுத்த மின் இணைப்பு ஆகியவற்றையெல்லாம் பட்டியலிட்டு, எடுத்த பிறகு ஒவ்வொன்றாக அடித்துவிடுங்கள்.

6. தீயணைப்பு பம்ப்பை மேனுவலில் விட்டுப் போகாதீர்கள்

குழாயில் சிறு கசிவு இருந்தால் பம்ப் அடிக்கடி தானாகக் கிளம்பும். அந்தத் தொல்லை தாங்காமல் யாராவது சுவிட்சை 'மேனுவல்' அல்லது 'ஆஃப்' பக்கம் திருப்பிவிடுவார்கள். பிறகு அது அங்கேயே இருக்கும். கசிவைக் கண்டுபிடித்து அடைத்துவிடுங்கள். ஒவ்வொரு சோதனையும் முடிந்ததும் எல்லாச் சுவிட்சுகளும் 'ஆட்டோ'வில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டே அறையைப் பூட்டுங்கள்.

7. குறையைச் சொன்னவர் மேல் பாயாதீர்கள்

அடித்தளத்திலிருந்து "லைட்டே எரியல" என்று கூப்பிட்டவர் ஓர் எலக்ட்ரீஷியனின் உதவியாளர். இப்படிப்பட்டவர்கள் வாய் திறந்தால் வேலை போய்விடும் என்று பயப்படும் சைட்டில் எல்லாச் சோதனையும் தேறும். குறைகள் அப்படியே இருக்கும். குறை கண்டவருக்கு எல்லோர் முன்னிலையிலும் நன்றி சொல்லுங்கள்.

8. குறைகள் தீரும் முன் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்

"நாளைக்கு ஆள் அனுப்புறேன்" என்ற பேச்சு பணம் கைமாறிய பிறகு நாளை மறுநாளாகி, மாதங்களாகும். ஒவ்வொரு குறைக்கும் பொறுப்பாளர் பெயரும் முடிக்கும் தேதியும் இருக்க வேண்டும். சரிசெய்த பிறகு அதே சோதனையை மறுபடி நடத்திவிட்டுத்தான் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும்.

வீடு வாங்குபவர்களுக்கு

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ, வேலைத்தரத்திலோ, வசதிகளிலோ குறை தெரிந்து அதை நீங்கள் தெரிவித்தால், பில்டர் தன் செலவில் 30 நாட்களுக்குள் சரிசெய்ய வேண்டும். பொது இடங்களின் வரைபடங்களையும் ஆவணங்களையும் குடியிருப்போர் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது 17-வது பிரிவு. இந்த உரிமையைப் பயன்படுத்தக் கையில் ஆதாரம் வேண்டும். ஒப்படைத்த அன்று ஜெனரேட்டர் எப்படி ஓடியது, பம்ப் எவ்வளவு அழுத்தம் தந்தது என்ற பதிவு இருந்தால், மூன்று வருடம் கழித்து வரும் வாக்குவாதம் ஐந்து நிமிடத்தில் முடியும். பதிவு இல்லாவிட்டால் "பராமரிப்பு சரியில்லை" என்று பில்டரும், "கட்டும்போதே சரியில்லை" என்று நீங்களும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அதில் ஒரு பக்கம் சேர்க்கச் சொல்லுங்கள்: என்னென்ன சோதனைகள், எந்த அளவு வந்தால் தேர்ச்சி, யார் முன்னிலையில், எத்தனை நாளில், தேறாவிட்டால் எந்தத் தவணை நிறுத்தப்படும். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாகிவிட்டது என்றால், சாவி வாங்கும் நாளுக்கு ஒரு மாதம் முன்பு உங்களோடு வீடு வாங்கியவர்களைத் திரட்டி, மெயினை இறக்கிப் பார்க்கும் அந்த ஒரு சோதனையையாவது பில்டரிடம் கேளுங்கள். நன்றாகக் கட்டியவர் மறுக்க மாட்டார். மறுப்பவரிடம் சாவி வாங்க நீங்கள் அவசரப்பட வேண்டியதில்லை.